தலை துவட்டும் காட்சி

புதுச்சேரி முதலியார்பேட்டையில் மில் தொழிலாளர்கள் நிறைந்திருந்த தெரு ஒன்றுக்கு அஞ்சலாட்சி வாழ்க்கைப்பட்டு வந்தாள். வந்த கொஞ்ச நாளிலேயே தெருவில் உள்ள அத்தனை பேரையும் அவள் உடம்புக்குள் வாங்கிக்கொண்டாள். ரேஷன் கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதையே மேசை முழுக்கத் தேடுவார். யூனியன்காரர் பேச ஆரம்பிக்கும் முன்னால் தொண்டையைச் செருமி, இடுப்பு வேட்டியை ஒரு தரம் இழுத்துவிட்டுக்கொள்வார். அவளுடைய மாமனார் கோபம் வந்தால் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாரே தவிர வாயில் வைக்கமாட்டார். எல்லாவற்றையும் அவள் செய்து காட்டுவாள். குரலைக் கொஞ்சம் மாற்றி, தோளை ஒரு பக்கம் சாய்த்தால் போதும், அந்த ஆள் வந்து நின்றுவிடுவார்.

இதை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது எழுத்தறிவு பரப்பிய அறிவொளி இயக்கத்தின் வீதி நாடகத்தில் சேர்ந்து ஊர் ஊராகப் போயிருக்கிறாள். கல்யாணத்தோடு அது நின்றுபோனது. கணவர் கோவிந்தசாமி மில்லில் நூல் நூற்கும் பிரிவில் இருந்தார். மில் மூடியபிறகு ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் செக்யூரிட்டி வேலைக்குப் போனார். அஞ்சலாட்சி ஊரை ஒட்டிய மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு சோப்புக் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் சேர்ந்தாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவளைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்துகொள்வார்கள். சூப்பர்வைசர் எப்படி நடக்கிறார், எப்படிக் கொட்டாவி விடுகிறார் என்று அவள் காட்டக் காட்டச் சிரிப்பார்கள்.

ஆனால் அவளுடைய முதல் ரசிகை பக்கத்து வீட்டுக் கமலவேணிதான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். கமலவேணி இரண்டு மூன்று வயது மூத்தவள். சிரிக்க ஆரம்பித்தால் சத்தமே வராது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிடுவாள், கண்ணில் தண்ணீர் வழியும். அந்தச் சிரிப்பைப் பார்ப்பதற்காகவே அஞ்சலாட்சி புதிதாக யாரையாவது தேடிப்பிடித்துக் கொண்டுவருவாள். கமலவேணியின் கணவர் பக்கிரி ஆட்டோ ஓட்டுகிறவர். அவர்களுக்கு ஒரே பிள்ளை, செல்வகுமார்.

செல்வகுமார் கல்லூரியில் சேர்ந்த வருஷம், காணும் பொங்கல் அன்று சிநேகிதர்களோடு நோணாங்குப்பம் பக்கம் போனான். ஆறு கடலில் சேரும் இடத்தில் இறங்கிக் குளித்திருக்கிறார்கள். பகலில் போன் வந்தது. பக்கிரி சவாரி ஏற்றிக்கொண்டு வெளியூர் போயிருந்தார். கமலவேணியைக் கூட்டிக்கொண்டு போனது அஞ்சலாட்சியும் கோவிந்தசாமியும்தான்.

மீனவர்கள் அவனைத் தூக்கிவந்து மணலில் கிடத்தியிருந்தார்கள். கமலவேணி அலறவில்லை. மார்பில் அடித்துக்கொள்ளவில்லை. பிள்ளையின் தலைமாட்டில் உட்கார்ந்து, தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, முந்தானையால் துவட்ட ஆரம்பித்தாள். "தலயத் தொவட்டாம படுத்துட்டியேடா," என்றாள். "சளி புடிச்சிக்கும். கொஞ்சம் தலயக் குடு, தொவட்டிட்டு அப்பறம் படுத்துக்க." பிறகு முந்தானை நுனியைத் திரித்து அவன் காதில் இருந்த மணலை எடுத்தாள். சத்தம் போட்டால் அவன் விழித்துக்கொள்வான் என்பது மாதிரி எல்லாவற்றையும் மெதுவாகச் செய்தாள். அஞ்சலாட்சி அவளைப் பின்னாலிருந்து தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகு அஞ்சலாட்சி தெருவில் யாரையும் செய்து காட்டவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஒரு நாள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த கமலவேணி திரும்பி, உங்க சூப்பர்வைசர் இப்பவும் அப்படித்தான் நடக்கிறாரா என்று கேட்டாள். அஞ்சலாட்சி கையிலிருந்த வாளியை வைத்துவிட்டு நடந்து காட்டினாள். கமலவேணி சிரித்தாள். பழைய சிரிப்பு இல்லை, உதடு மட்டும்தான். அதுவே அஞ்சலாட்சிக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

சினிமா அவளைத் தேடி வந்தது அதற்கெல்லாம் வெகுநாள் கழித்து. அவளுடைய மகள் தீபலட்சுமியோடு கல்லூரியில் படித்த சிந்துஜா என்ற பெண் ஒரு படத்தில் உதவி இயக்குநராக இருந்தாள். லாஸ்பேட்டையைச் சேர்ந்த விக்ரம் என்பவர் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு எடுத்த முதல் படம் அது. பெயர் 'மூன்றாவது படகு'. சிநேகிதர்களிடம் திரட்டிய காசில் எடுக்கிற த்ரில்லர். கல்லூரிப் பெண் ஒருத்தி உப்பங்கழியில் பிணமாக மிதக்கிறாள். மூன்று படகோட்டிகள் மேல் சந்தேகம். கடைசியில் கொலை செய்தவன் வேறு யாரோ. செத்த பெண்ணின் அம்மாவாக நடிக்கச் சென்னையிலிருந்து வருவதாகச் சொன்னவர் வரவில்லை. சிந்துஜாவுக்கு அஞ்சலாட்சியின் ஞாபகம் வந்தது. வீட்டுக்கு வந்தபோதெல்லாம் அவள் ஆட்களைச் செய்து காட்டியதைப் பார்த்திருக்கிறாள் அல்லவா.

அஞ்சலாட்சி கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டுப் போனாள். அந்த வயதில் அப்படி ஒரு ஆசை தனக்குள் மிச்சமிருக்கிறது என்று அவளுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. புடவையை இரண்டு தரம் மாற்றிக் கட்டினாள். அது போதாது என்று அங்கே போனதும் அவர்கள் ஒரு பழைய புடவையைக் கொடுத்துக் கட்டச் சொன்னார்கள்.

வீட்டுக் காட்சிகள் எல்லாம் சுலபமாக முடிந்தன. கடைசியாக எடுத்தது பிணத்தைப் பார்க்கும் காட்சி. நோணாங்குப்பத்துக்கு அந்தப் பக்கம், கழிக்கரையில். விக்ரம் எழுதிக்கொடுத்த வசனம், "யாரும்மா உன்ன இப்படிப் பண்ணது, சொல்லும்மா" என்பது. அஞ்சலாட்சி அதைச் சொல்லிப் பார்த்தாள். கத்திச் சொன்னாள், தேம்பிச் சொன்னாள். கிளிசரின் போட்டார்கள், கண்ணீர் வந்தது. விக்ரம் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பிணமாகப் படுத்திருந்த பெண் ஈரத்தில் நடுங்க ஆரம்பித்தாள். வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. கேமராக்காரர் வாயைத் திறந்து சொல்லாவிட்டாலும், சென்னை ஆளுக்காகக் காத்திருந்திருக்கலாம் என்று நினைப்பது அவர் முகத்தில் தெரிந்தது. கடைசியில் விக்ரம், "வசனத்த விடுங்கம்மா. உங்களுக்கு எப்படி வருதோ அப்படிப் பண்ணுங்க," என்றார்.

கை தானாகப் போய்விட்டது என்று பின்னால் அவள் பல பேரிடம் சொன்னாள். அப்படி இல்லை. அந்தப் பெண்ணின் ஈரத் தலையைப் பார்த்தபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. வேண்டாம் என்று ஒரு கணம் தோன்றியது. அடுத்த கணமே, இது சரியாக வரும் என்றும் தோன்றியது. தோளைத் தளர்த்தி, கழுத்தை லேசாக முன்னால் கொண்டுவந்தாள். கமலவேணி வந்துவிட்டாள். தலையைத் தூக்கி மடியில் வைத்து முந்தானையால் துவட்டினாள். "தலயத் தொவட்டாம படுத்துட்டியேடி. சளி புடிச்சிக்கும்." காதில் இருந்த மணலை எடுத்தாள். அந்தப் பெண்ணின் காதில் மணலே இல்லை.

கட் சொல்ல விக்ரமுக்கு நேரமாயிற்று. பிணமாகக் கிடந்த பெண் கண்ணைத் திறக்காமலே அழுதுகொண்டிருந்தாள். விக்ரம் வந்து அஞ்சலாட்சியின் காலைத் தொட்டார். அவளுக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்று இருந்தது. அது துக்கம் இல்லை, சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தைப் பின்னால் நினைக்கும்போதுதான் அவளுக்கு எல்லாவற்றையும் விட அதிகமாகக் கூசியது.

மறுநாள் கமலவேணி ஷூட்டிங் எப்படி இருந்தது என்று கேட்டாள். அஞ்சலாட்சி கேமராக்காரரைச் செய்து காட்டினாள். பிணம் நடுவில் தும்மியதைச் செய்து காட்டினாள். அழுகிற காட்சியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

படம் வெளிவர நாளாயிற்று. ஒரு தீபாவளிக்கு வருகிறது என்றார்கள், வரவில்லை. கடைசியில் பெரிய படம் எதுவும் இல்லாத ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. புதுச்சேரியில் ஒரே தியேட்டர், பகல் காட்சி மட்டும். தெருவிலிருந்து பாதிப் பேர் வந்தார்கள். கமலவேணி வரவில்லை. செல்வகுமார் போனபிறகு அவள் தியேட்டர் பக்கம் போனதே இல்லை. போய் நன்றாகப் பார்த்துவிட்டு வா என்று வாசலில் நின்று அனுப்பிவைத்தாள்.

படம் இழுத்தது. பின்வரிசையில் சில பையன்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். இவன்தான் கொலைகாரன், இவன்தான் என்று ஆள் மாற்றி ஆள் கூவினார்கள். தெருக்காரர்கள் நெளிந்தார்கள். அஞ்சலாட்சிக்கு எழுந்து வெளியே போய்விடலாமா என்றிருந்தது. பிறகு அந்தக் காட்சி வந்தது. திரை முழுக்க அவள் முகம். பையன்களின் சத்தம் அடங்கியது. துவட்டுகிற கை மட்டும் பெரிதாகத் தெரிந்தது. எங்கோ ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள். காட்சி முடிந்ததும் யாரோ கை தட்டினார்கள், அது அப்படியே பரவியது.

கோவிந்தசாமி மட்டும் தட்டவில்லை. வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது, அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். "அது கமலா சொன்னதுதானே?"

"யாருக்குத் தெரியப் போவுது," என்றாள் அஞ்சலாட்சி.

வண்டியில் வீடு வரைக்கும் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

விமர்சனங்கள் அன்று சாயங்காலமே வர ஆரம்பித்தன. தீபலட்சுமி போனில் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினாள். யூடியூபில் ஒருவர், இரண்டு மணி நேரத்தைக் கழியில் கொட்டிவிட்டு வந்தேன் என்றார். இன்னொருவர், கொலைகாரன் யார் என்று இயக்குநருக்கே கடைசி நாளில்தான் தெரிந்திருக்கும் என்றார். ஒரு பத்திரிகை, நல்ல கேமராவுக்கு நேர்ந்த விபத்து என்று எழுதியது. ஆனால் திட்டியவர்கள் எல்லாரும் ஒரு இடத்தில் நின்றார்கள். சென்னையிலிருந்து வரும் ஒரு வார இதழ் இப்படி எழுதியிருந்தது: 'படத்தில் ஒரே ஒரு நிமிடம் உண்மை இருக்கிறது. மகளின் பிணத்துக்குத் தலை துவட்டிவிடுகிறாள் ஒரு தாய். எந்த எழுத்தாளரும் உட்கார்ந்து யோசித்து எழுதிவிட முடியாத வசனம். அந்தத் தாயாக நடித்தவர் யார் என்று தெரியவில்லை. அவருக்கு வணக்கம்.'

தீபலட்சுமியை அதை மறுபடி மறுபடி படிக்கச் சொன்னாள் அஞ்சலாட்சி. கம்பெனியில் மேனேஜரே கூப்பிட்டுப் பேசினார். வேனில் வரும் பெண்கள் அவளுக்கு ஜன்னல் ஓரத்து இடத்தை விட்டுக்கொடுத்தார்கள். அந்த ஒரு வாரம் அவள் கால் தரையில் படவில்லை.

அப்புறம் விக்ரமின் பேட்டி ஒன்று வந்தது. பேட்டி எடுத்தவர் அந்த வசனத்தைப் பற்றிக் கேட்டார். விக்ரம் கொஞ்சம் சிரித்துவிட்டு, கதை எழுதும்போதே அந்தக் காட்சி மனதில் இருந்தது, ஒரு தாய் எப்படி யோசிப்பாள் என்று ரொம்ப நாள் யோசித்தேன் என்றார். அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அஞ்சலாட்சிக்குச் சுருக்கென்று வந்தது. "பொய் சொல்றான் பாரு," என்றாள். "அவன் எழுதிக் குடுத்தது வேற. இது என்னோடது."

சொல்லி முடித்ததும் அந்தச் சொல் அவளுக்கே உறைத்தது. தீபலட்சுமி ஏதோ பேசிக்கொண்டே போனாள். அஞ்சலாட்சிக்கு எதுவும் காதில் விழவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் கமலவேணி பாத்திரம் தேய்க்கும் சத்தம் வந்துகொண்டிருந்தது. என்னோடது என்று சொன்னது அந்தப் பக்கம் கேட்டிருக்குமோ என்று நினைத்தாள். கேட்டிருந்தாலும் அவளுக்குப் புரிந்திருக்காது என்று நினைத்து ஆறுதல் பட்டாள். அந்த ஆறுதலை நினைத்து உடனே வெட்கப்பட்டாள். தானே திருடிவிட்டு இன்னொருவன் மேல் திருட்டுப்பட்டம் கட்டப் போனோமே என்று இருந்தது. அன்றிலிருந்து யாராவது பாராட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவாள். அடக்கமான பொம்பளை என்று அதற்கும் பேர் கிடைத்தது.

படம் தியேட்டரை விட்டுப் போய்விட்டது. ஆனால் அந்தக் காட்சி மட்டும் தனியாகப் போனுக்குப் போன் ஓடியது. அதற்குப் பின்னால் இசை சேர்த்துப் போட்டார்கள். அம்மா என்று எழுதிப் போட்டார்கள். மழையில் நனைந்து வந்த சிநேகிதனுக்கு அந்தக் குரலிலேயே தலை துவட்டிவிடுகிற மாதிரி யாரோ வேடிக்கையாக எடுத்துப் போட, அதுவும் ஓடியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். பக்கிரி ஆட்டோவை நிறுத்திவிட்டு உள்ளே போகும் சத்தம் கேட்டது. ஸ்டாண்டில் யாரோ அவருக்கு அதை அனுப்பியிருக்கிறார்கள். அன்றைக்குக் கரையில் அவர் இல்லை. அவருக்கு அந்த வார்த்தைகள் தெரியாது. பக்கத்து வீட்டுப் பெண் இப்படிப் பேர் வாங்கியிருக்கிறாளே என்ற பெருமையில் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அஞ்சலாட்சிக்குத் தன் குரலே கேட்டது. தலயத் தொவட்டாம படுத்துட்டியேடி. சளி புடிச்சிக்கும். பக்கிரி ஏதோ கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து அதே குரல் முதலிலிருந்து மறுபடி கேட்டது. அதற்குப் பிறகும் ஒரு தரம்.

கமலவேணி சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் அஞ்சலாட்சிக்கு நன்றாக இருந்திருக்கும். குழாயில் தண்ணீர் வரும்போது அவள் முன்னாலேயே பிடித்துக்கொண்டு போய்விடுவாள். வாசலில் எதிரே பார்த்தால், ஏதோ ஞாபகம் வந்தவள் மாதிரி உள்ளே திரும்பிவிடுவாள். கோவிந்தசாமி ஒரு நாள், போய்ப் பேசிவிடு என்றார். என்னவென்று பேசுவது என்று அவள் கேட்டாள்.

அஞ்சலாட்சி விக்ரமைப் போய்ப் பார்த்தாள். அந்தக் காட்சியை எடுத்துவிட முடியுமா தம்பி என்று கேட்டாள். எதற்காக என்று முழுதாகச் சொல்ல வரவில்லை. ஒரு வீட்டில் மனக்கஷ்டம் என்று மட்டும் சொன்னாள். விக்ரம் அந்த மாதங்களில் இளைத்துப் போயிருந்தார். அவர் கோபப்படவில்லை. படம் இப்போது ஒரு ஓடிடி செயலிக்குப் போயிருக்கிறது, அவர்கள் வாங்கியதே அந்தக் காட்சிக்காகத்தான் என்றார். "அத எடுத்துட்டா எம் படத்துல என்னம்மா இருக்கு," என்றார். அவர் சொன்னது உண்மை என்று அவளுக்கும் தெரிந்தது. வசனம் தன்னுடையது என்று பேட்டியில் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டார். அதைக் கேட்கத்தான் அவள் வந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் ஊரில் உள்ள ஒரு திரைப்படச் சங்கத்தார் அவளுக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். சங்கத்தை நடத்தியவர் தேவதாஸ், பிரெஞ்சு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவள் வர மறுத்தும் அவர் விடவில்லை. ஒரு கல்லூரி அரங்கத்தில் விழா நடந்தது. சால்வை போர்த்தினார்கள். காட்சியைத் திரையில் போட்டார்கள், அவள் குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். தேவதாஸ் மைக்கை அவளிடம் கொடுத்து, எப்படி அந்த வார்த்தை உங்களுக்குக் கிடைத்தது என்று கேட்டார்.

சொல்லிவிடுவது என்று அவள் வரும்போதே முடிவு செய்திருந்தாள். "அது என் வார்த்த இல்லைங்க," என்றாள். "எங்க பக்கத்து வீட்டு அக்கா, அவங்க பையன் தண்ணியில போயிட்டப்ப சொன்னது. நான் பக்கத்துல இருந்தேன். அத எடுத்து நடிச்சிட்டேன். அவங்களக் கேக்கல. தப்பு பண்ணிட்டேன்."

அரங்கத்தில் எல்லாரும் கை தட்டினார்கள். எழுந்து நின்று தட்டினார்கள். தேவதாஸ் "பிராவோ" என்று சொல்லி மைக்கை வாங்கிக்கொண்டு, நடிப்பு என்றால் இதுதான், வாழ்க்கையைக் கூர்ந்து கவனிப்பது, பார்த்ததைப் பத்திரமாக வைத்திருந்து தேவையான நேரத்தில் எடுப்பது என்று மாணவர்களுக்கு விளக்கினார். அஞ்சலாட்சி நடுவில் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். போட்டோ எடுப்பவர் இந்தப் பக்கம் பாருங்கம்மா என்றார்.

உள்ளூர்ப் பத்திரிகையில் அந்தப் போட்டோ வந்தது. பக்கத்து வீட்டுத் தாயின் கண்ணீரே என் பள்ளிக்கூடம் என்று அவள் சொல்லாத ஒன்றை மேலே பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். தெருவுக்கு அதுவரை தெரியாதது அன்றைக்குத் தெரிந்துவிட்டது. பெண்கள் கமலவேணியிடம் போய், அது நீதானா, அப்படியா சொன்னாய், ஏன் அழவில்லை என்று கேட்டார்கள். ஒருத்தி போனைக் காட்டி, இப்படித்தான் துவட்டினாயா என்று கேட்டாளாம்.

அன்று பிற்பகல் கமலவேணி வந்தாள். கதவு திறந்துதான் இருந்தது. இருந்தாலும் தட்டிவிட்டு, கூப்பிடும்வரை நின்றாள். அந்த வீட்டில் அவள் அப்படி நின்றதே கிடையாது. கோவிந்தசாமி வேலைக்குப் போயிருந்தார். அஞ்சலாட்சி பாயை விரித்தாள். கமலவேணி வெறுந்தரையில் உட்கார்ந்தாள்.

அஞ்சலாட்சி மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தாள். கமலவேணி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"எனக்கு அன்னிக்கி நடந்தது எதுவுமே ஞாபகம் இல்ல அஞ்சலா," என்றாள். "ஆட்டோல ஏறினது தெரியும். அப்பறம் ஆஸ்பத்திரியில உக்காந்திருந்தது தெரியும். நடுவுல என் புள்ளகிட்ட நான் என்னா சொன்னேன்னு எத்தினியோ நாள் யோசிச்சிருக்கேன். வரவே வரல. உன் படத்தப் பாத்துதான் தெரிஞ்சிக்கிட்டேன்."

கமலவேணி ஒரு விரலால் தன் காதைத் தொட்டாள்.

"காதுல மணல் எடுத்தேனா? இல்ல, அது நீயா சேத்ததா?"

"எடுத்தீங்கக்கா."

"எந்தக் காதுல?"

"எடது காதுல."

"படத்துல சோத்தாங்கைப் பக்கத்துக் காதுல எடுக்கற."

அஞ்சலாட்சிக்குப் பொய் சொல்ல முடியவில்லை. "கேமரா அந்தப் பக்கம் இருந்துச்சிக்கா," என்றாள்.

கமலவேணி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா என்று அஞ்சலாட்சிக்குத் தெரியாது, அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "அன்னிக்கி நீ என்னப் புடிச்சிக்கிட்டிருந்தன்னுதான் இத்தினி வருஷமா நெனச்சிக்கிட்டிருந்தேன்," என்றாள் கமலவேணி. "பாத்துக்கிட்டிருந்தியா?"

ரெண்டும்தான் என்று சொல்ல வந்தது. அதுதான் உண்மையும். பிடித்துக்கொண்டும் இருந்தாள், அழுதுகொண்டும் இருந்தாள், ஆனால் அவளுக்குள் ஏதோ ஒன்று, கமலவேணியின் கழுத்து எப்படி முன்னால் வருகிறது, கை எவ்வளவு மெதுவாகப் போகிறது என்று பார்த்து வைத்துக்கொண்டும் இருந்தது. அதை நிறுத்த அவளுக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. "ஆமாக்கா," என்று மட்டும் சொன்னாள்.

வெளியே ஒரு மீன்காரி கூவிக்கொண்டு போனாள்.

"வேற என்னா சொன்னேன்?" என்று கேட்டாள் கமலவேணி.

அஞ்சலாட்சி சொன்னாள். வார்த்தைகளை மட்டும் சொன்னாள். கழுத்து முன்னால் போகப் பார்த்தது, சுவரில் முதுகை அழுத்திக்கொண்டு, தன் சொந்தக் குரலைப் பிடித்து வைத்துக்கொண்டு சொன்னாள். செருப்பு எங்கடா என்று கேட்டது. புதுச் செருப்பாச்சே, தண்ணியில விட்டுட்டியா என்று கேட்டது. பசித்தால் வீட்டுக்குப் போய்விடலாம், அப்பா வந்ததும் ஆட்டோவிலேயே போய்விடலாம் என்று சொன்னது. ஒரு மீனவர் துணி போர்த்த வந்தபோது, முகத்த மூடாதீங்க, அவனுக்கு மூச்சு முட்டும் என்று சொன்னது. எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். கமலவேணி தரையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள். செருப்பு என்றபோது மட்டும் அவள் உதடு அசைந்தது.

எல்லாம் முடிந்ததும் எழுந்தாள். "இத யாருகிட்டயும் சொல்லாத," என்றாள். "படத்துல வந்தது வந்துடுச்சி. இது என்னோட இருக்கட்டும்."

அவள் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அஞ்சலாட்சிக்கு அதைக் கேட்கும் துணிச்சலும் இல்லை.

கொஞ்ச நாள் கழித்து, குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. பக்கிரி வெளியூர் போனால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவ்வளவுதான் பேச்சு. விக்ரம் அடுத்த படத்துக்குக் கூப்பிட்டார், ஒரு விதவையின் வேஷம், அதே மாதிரி ஒன்று செய்தால் போதும் என்றார். இன்னும் இரண்டு கம்பெனிகளிலிருந்தும் ஆள் வந்தது. எல்லாரிடமும், சோப்புக் கம்பெனியில் லீவு தரமாட்டார்கள் என்று சொல்லி அனுப்பினாள். வேனில் பெண்கள் யாரையாவது செய்து காட்டச் சொன்னால் தலைவலி என்பாள். ஆனால் கண் அவள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. எதிரே உட்கார்ந்திருப்பவள் எப்படிப் பெருமூச்சு விடுகிறாள் என்று அது பார்த்துக்கொண்டேதான் இருந்தது. அதற்காக அவள் ஜன்னலுக்கு வெளியே திரும்பிக்கொள்வாள்.

ஆடி மாதத்தில் எதிர்வீட்டு ராமலிங்கம் மாரடைப்பில் போய்விட்டார். தெருவே அங்கே கூடியது. அஞ்சலாட்சி உள்ளே போகாமல் வாசலில் நின்று, வருகிறவர்களுக்கு டீ ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். உள்ளே ராமலிங்கத்தின் மனைவி ராஜாம்பாள் ஏதேதோ சொல்லி அழுவது கேட்டது. அதைக் கேட்காமலிருக்க அஞ்சலாட்சி டீப் பாத்திரத்தைச் சத்தமாக நகர்த்தினாள்.

கமலவேணி வெளியே வந்து அவளைப் பார்த்தாள். "இங்கயே நிக்கற," என்றாள். "ராஜாம்பா உன்னத்தான் கேட்டுது. உள்ள வா."

"வேணாங்கக்கா."

"வா," என்றாள் கமலவேணி.

அஞ்சலாட்சி உள்ளே போனாள். பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். ராஜாம்பாள் அவள் கையைப் பற்றிக்கொண்டு அழுதாள். அஞ்சலாட்சி அந்தக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காதை எப்படி மூடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.